ஹோண்டா ஜி.எக்ஸ். 160 பெட்ரோல் இன்ஜின்: பட்டறையிலிருந்து ஒரு மதிப்பீடு

கட்டுமானத் தளத்தில் மண் இறுக்கும் பிளேட் காம்பாக்டர், கான்கிரீட் வைப்ரேட்டர், மூன்று அங்குல நீர் பம்பு, சிறிய ஜெனரேட்டர் ஆகிய எதைப் பார்த்தாலும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்பு வெள்ளை நிற இன்ஜின் ஹோண்டாவின் ஜி.எக்ஸ். வரிசையைச் சேர்ந்ததாகவோ, அதைப் பார்த்துச் செய்யப்பட்டதாகவோ இருக்கும். இயந்திரங்களை வாடகைக்கு விடும் பட்டறை ஒன்றில் இத்தகைய இன்ஜின்களைப் பிரித்து மாட்டுவது என் தொழில். புதிதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும், கையில் இருப்பதைச் சரியாக வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கும் பயன்படும் என்பதால் ஜி.எக்ஸ். 160 பற்றிய என் கணிப்பை இங்கே எழுதுகிறேன். நான் இதை உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இதன் சக்தியோ வேகமோ அல்ல. இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ், அளந்து இறுக்கும் ஒரு டார்க் ரெஞ்ச், பிளைவீல் என்ற கனமான சக்கரத்தைக் கழற்றும் ஒரு புல்லர், கொஞ்சம் பொறுமை ஆகியவை இருந்தால், ஓரளவு கைத்தொழில் அறிந்த எவரும் இதைப் பல ஆண்டுகள் ஓடும் நிலையில் வைத்திருக்க முடியும் என்பதே இதன் பெருமை.

ஜி.எக்ஸ். வரிசை 1983-இல் அறிமுகமானது. அதற்கு முன்பு இத்தகைய சிறிய இன்ஜின்கள் பெரும்பாலும் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்தவையாக இருந்தன. அவை எரிபொருளையும் ஆயிலையும் அதிகம் குடித்தன. வால்வுகளைச் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் வைத்து, சிலிண்டரை 25 டிகிரி சாய்த்து, மொத்த உயரத்தைக் குறைத்ததுதான் இந்த வரிசை கொண்டுவந்த மாற்றம். 160 மாடலின் கொள்ளளவு 163 சி.சி.; சிலிண்டரின் விட்டம் 68 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 45 மி.மீ.; அலுமினிய உடலுக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் (உள்ளுறை) உள்ளது; ஆயில், பெட்ரோல் இல்லாமல் எடை சுமார் 15 கிலோ. இந்தியாவில் ஹோண்டா இந்தியா பவர் புராடக்ட்ஸ் நிறுவனம் கிரேட்டர் நொய்டாவில் தொழிற்சாலை நடத்துவதால் உதிரி பாகங்களுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டிய நிலை பெரும்பாலும் இல்லை.

சக்தியைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். பழைய இன்ஜின்களின் மேல் 5.5 என்ற எண் பெரிதாக ஒட்டப்பட்டிருக்கும். அது பழைய அளவீட்டு முறையில் சொன்ன குதிரைத்திறன். இப்போதைய முறைப்படி, இதே இன்ஜின் நிமிடத்திற்கு 3600 சுற்றில் 3.6 கிலோவாட், அதாவது 4.8 குதிரைத்திறன் தருவதாக நிறுவனம் குறிப்பிடுகிறது. இதுவும் உச்ச அளவே ஆகும்; நாள் முழுவதும் தொடர்ந்து இழுக்கும் வேலைக்கு 3600 சுற்றில் 2.9 கிலோவாட்டை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். ஜெனரேட்டர் கட்டுபவர்களும் பம்பை இணைப்பவர்களும் 5.5 என்ற எண்ணை நம்பிச் சுமையைத் தீர்மானித்துவிட்டு, இன்ஜின் திணறுகிறது என்று குறைகூறுவது சரியல்ல. முறுக்கு விசை 2500 சுற்றில் 10.3 நியூட்டன் மீட்டர் என்ற உச்சத்தை எட்டுகிறது. சுமை ஏறி வேகம் குறையும்போது இழுவை கூடுகிறது என்பதால் காம்பாக்டர் போன்ற வேலைக்கு இது மிகவும் ஏற்றது. முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 1.4 லிட்டர் பெட்ரோல் செலவாகும். டேங்க் 3.1 லிட்டர்தான் என்பதால் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக ஓடியதும் நிறுத்தி நிரப்ப வேண்டும். மின்சாரம் கிடைக்கும் இடத்தில் இந்தச் செலவு தேவையற்றது. அங்கே மோட்டார் வாங்குவதே அறிவுடைமை.

என் முதல் குறை ஹவர் மீட்டரைப் பற்றியது. இந்த இன்ஜினுக்கான பராமரிப்பு அட்டவணை முழுவதும் மணிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது: முதல் ஆயில் மாற்றம் ஒரு மாதம் அல்லது 20 மணி நேரத்தில், அதன்பின் ஆறு மாதம் அல்லது 100 மணி நேரத்திற்கு ஒருமுறை, வால்வு இடைவெளி சோதனை ஓராண்டு அல்லது 300 மணி நேரத்தில் என்று. ஆனால் சாதாரண ஜி.எக்ஸ். 160-இல் மணி காட்டும் கருவி எதுவும் இல்லை. பல கைகள் மாறும் வாடகை இயந்திரத்தில் எத்தனை மணி ஓடியது என்று யாருக்கும் நினைவிருக்காது. ஸ்பார்க் பிளக் ஒயரின் மேல் சுற்றிக் கட்டும் சிறிய ஹவர் மீட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன; இன்ஜினின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை மிகக் குறைவு. இன்ஜினை வாங்கும் அன்றே அதையும் வாங்கிப் பொருத்திவிட வேண்டும்.

ஆயில் விஷயத்தில் இந்த இன்ஜின் கண்டிப்பானது. இதில் ஆயில் பம்போ ஆயில் ஃபில்டரோ கிடையாது. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கரண்டி ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் உள்ள ஆயிலை அடித்துத் தெறிக்கவிடுவதால்தான் எல்லாப் பாகங்களுக்கும் மசகு கிடைக்கிறது. மொத்த ஆயில் அளவு 0.58 லிட்டர் மட்டுமே. அதில் கால் லிட்டர் குறைந்தாலே ஏறக்குறைய பாதி போய்விட்டது என்று பொருள். அளவு பார்க்கும்போது இன்ஜினைச் சமதளத்தில் வைத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் குச்சி கூடுதல் ஆழத்திற்கு இறங்கி, உண்மையில் இருப்பதைவிட அதிகமாக இருப்பதுபோல் காட்டும். பொதுப் பயன்பாட்டுக்கு எஸ்.ஏ.இ. 10டபிள்யூ-30 தரம் பரிந்துரைக்கப்படுகிறது. பழைய ஆயிலை இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அடியில் படிந்த கசடும் சேர்ந்து வெளியேறும்.

ஆயில் குறைந்தால் இன்ஜினைத் தானாகவே நிறுத்தும் ஆயில் அலர்ட் என்ற அமைப்பு சில வகைகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. கிராங்க் கேஸுக்குள் இருக்கும் மிதவை கீழே இறங்கியதும் பற்றவைப்பு மின்சாரத்தை உடலோடு இணைத்துத் தீப்பொறியை நிறுத்திவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆயில் கறுத்துக் கெட்டுப்போனதை அது அறியாது. சரிவான நிலத்தில் வேலை செய்யும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குவதால் அளவு சரியாக இருந்தும் நின்றுவிடலாம். இந்த இன்ஜினை 20 டிகிரிக்கு மேல் சாய்த்து இயக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென நின்று, எவ்வளவு கயிறு இழுத்தும் எழவில்லை என்றால், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். சிலர் ஆயில் அலர்ட்டின் ஒயரைத் துண்டித்துவிட்டு ஓட்டுகிறார்கள். அது கனெக்டிங் ராடையும் கிராங்கையும் ஒரே நாளில் இழப்பதற்கான வழி.

ஏர் ஃபில்டரில் வெளியே ஒரு ஸ்பாஞ்ச், உள்ளே ஒரு காகித எலிமென்ட் என இரண்டு அடுக்குகள் உள்ளன. 50 மணி நேரத்திற்கு ஒருமுறை ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, சுத்தமான இன்ஜின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். காகிதத்தைத் தட்டியோ, குறைந்த அழுத்தக் காற்றை உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஊதியோ தூசியை நீக்கலாம்; பிரஷ் வைத்துத் தேய்த்தால் தூசி காகிதத்தின் இழைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கல் அறுக்கும் இடம், செம்மண் தளம் போன்றவற்றில் 50 மணி என்பதையும் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். அத்தகைய இடங்களுக்கென்றே சைக்ளோன் வகை ஏர் கிளீனர் பொருத்திய இன்ஜினும் கிடைக்கிறது. தூசியில் வேலை செய்பவர்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்போகாது.

இனி வால்வு இடைவெளிக்கு, அதாவது வால்வை அழுத்தும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் வால்வின் தண்டுக்கும் இடையே உள்ள சந்துக்கு வருகிறேன். இந்த இன்ஜினைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். குளிர்ந்த நிலையில், கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்கு 0.15 மி.மீ., புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.20 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், இரண்டிலும் 0.02 மி.மீ. கூடுதல் குறைவு ஏற்கப்படும். எக்ஸாஸ்ட் வால்வு அதிகச் சூடேறி நீள்வதால் அதற்கு இடம் கூடுதலாகத் தரப்படுகிறது. நாளடைவில் வால்வு தன் இருக்கையில் அமிழ்ந்து இடைவெளி குறைந்தால், வால்வு முழுமையாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) கசியும். காலையில் எழும் இன்ஜின் சூடான பின் எழ மறுக்கும். மாறாக, இடைவெளி அளவுக்கு மீறிப் பெருகினால் வேறொரு தொல்லை வரும். கயிறு இழுப்பதை எளிதாக்க, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் உள்ள சிறிய அமைப்பு ஒன்று எக்ஸாஸ்ட் வால்வை நூலிழை அளவு தூக்கிக் கம்ப்ரஷனைக் குறைக்கிறது. இடைவெளி பெருகிவிட்டால் அந்தத் தூக்கல் வால்வைச் சென்று சேராது. கயிறு கையிலிருந்து பறிக்கப்பட்டதுபோல் பின்னுக்கு இழுக்கும். இதைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட்டரை மாற்றியவர்கள் பலர்.

சரிபார்ப்பது கடினமான வேலையல்ல. ஹெட் கவரின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து, ஸ்டார்ட்டர் புல்லியில் உள்ள முக்கோணக் குறி மின்விசிறி மூடியின் மேல் துளையோடு நேராக வரும்படி நிறுத்த வேண்டும். இரண்டு ராக்கர்களும் தளர்வாக இருந்தால் பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கிறது. இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பின்பு ஃபீலர் கேஜின் தகட்டை ராக்கருக்கும் வால்வின் தண்டுக்கும் இடையே நுழைத்து, லேசான பிடிப்போடு தகடு நழுவும் வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, அது நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது இடைவெளி மாறிவிடும் என்பதால் மறுபடியும் ஒருமுறை அளப்பது கட்டாயம். தகடு நழுவும்போது விரல்களில் உணரப்படும் அந்தப் பிடிப்பை ஒருமுறை கற்றுக்கொண்டவர்களுக்கு இது தேநீர் இடைவேளையில் முடியும் வேலை.

எரிபொருள் பக்கம் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இயந்திரம் ஓடாமல் நின்றதால் வருபவை. கார்புரேட்டரின் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசினாக மாறி, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் மெல்லிய துளையை அடைக்கும். ஒரு மாதத்திற்கு மேல் பயன்படுத்தப் போவதில்லை என்றால் டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் வால்வை மூடி, கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் போல்ட்டைத் தளர்த்தி வடித்துவிடுவது நல்லது. பின்பு கயிற்றை மெதுவாக இழுத்து, கை கனக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்; அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் ஈரக்காற்று சிலிண்டருக்குள் புகாது. இந்தியாவில் 2025 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாகக் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; பழைய ரப்பர் குழாய்களையும் பாதிக்கும். இந்த இன்ஜினின் பழைய கையேடுகள் 10 சதவீதம் வரை மட்டுமே அனுமதித்தன. ஆகவே, பழைய இன்ஜின் வைத்திருப்பவர்கள் பெட்ரோலை டேங்கிலேயே விட்டுவைக்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் கையேட்டில் எந்த அளவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது கிணறுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நடைமுறையில் ஏழு எட்டு மீட்டர் ஆழத்திற்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்ச இயலாது. தண்ணீரை மேலே தள்ளுவது வளிமண்டலத்தின் அழுத்தம் என்பதால் இன்ஜினின் சக்தியைக் கூட்டினாலும் இந்த வரம்பு மாறாது. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும், கிணறு தூர்வாருபவர்கள் பம்பையும் இன்ஜினையும் கயிறு கட்டி உள்ளே இறக்கி ஓட்டுகிறார்கள். பெட்ரோல் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு உள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றோட்டம் இல்லாத கிணற்றில் அது சேர்ந்துகொண்டே போகும்; உள்ளே இருப்பவர் தலைசுற்றலை உணர்ந்து ஏணியைப் பிடிப்பதற்குள் கைகால்கள் செயலிழக்கும். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் அங்கேயே விழுவார். இன்ஜினை நிறுத்திய பிறகும் அந்தக் காற்று அங்கேயே தங்கியிருக்கும். எனவே கிணறு, நிலத்தடித் தளம், கழிவுநீர்த் தொட்டி, மூடிய கொட்டகை ஆகிய எதற்குள்ளும் இந்த இன்ஜினை ஒரு நிமிடம்கூட இயக்கக் கூடாது. ஆழம் அதிகமென்றால் மின்சார நீர்மூழ்கி மோட்டாரே சரியான கருவி. வாடகைக்கு பம்பு கேட்பவரிடம் நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்காமல் நான் பொருளைக் கொடுப்பதில்லை. இயந்திரம் வாடகைக்கு விடும் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பெட்ரோல் நிரப்புவதிலும் அவசரம் கூடாது. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, திறந்த வெளியில் நிரப்ப வேண்டும். டேங்கும் சைலன்சரும் ஒரு சாண் இடைவெளியில் அருகருகே அமைந்திருப்பதால், சூடான சைலன்சரின் மேல் சிந்திய பெட்ரோல் கண்ணிமைக்கும் நேரத்தில் தீப்பிடிக்கும். கேனை வண்டியின் தளத்தில் வைத்தபடியே நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்பினால் நிலைமின்சாரத்தால் பொறி எழும் வாய்ப்புக் குறையும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவில் உள்ள அடுப்பையோ பீடியின் கங்கையோ சென்றடையும்.

பழுது பார்க்கும்போது முதலில் செய்ய வேண்டியது பிளக் கேப்பைக் கழற்றிச் சற்றுத் தள்ளி வைப்பது. சுவிட்சை நிறுத்தியிருக்கிறோம் என்ற நம்பிக்கை போதாது. சுவிட்ச் ஒயர் அறுந்திருந்தால் இன்ஜின் எழுந்துவிடும். வைப்ரேட்டர், பம்பு போன்றவற்றில் சிக்கிய கல்லையோ கயிற்றையோ கையால் எடுக்கும்போது ஷாஃப்ட் அரைச்சுற்று சுற்றினாலே தீப்பொறி வரலாம். தீப்பொறி இருக்கிறதா என்று சோதிப்பவர்கள், பிளக்கைக் கழற்றியவுடன் சுவிட்சை அணைத்த நிலையில் கயிற்றைச் சிலமுறை இழுத்துச் சிலிண்டரில் உள்ள பெட்ரோல் ஆவியை வெளியேற்றிவிட்டு, பிளக் துளையிலிருந்து விலகிய ஓர் உலோகப் பகுதியில் பிளக்கைத் தொடவைத்துப் பார்க்க வேண்டும். பிளக் என்.ஜி.கே. பி.பி.ஆர்.6இ.எஸ்.; அதன் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை.

பிளைவீலைக் கழற்றுவதற்குச் சுத்தியல் கூடாது, புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்தால் கிராங்க் ஷாஃப்டின் முனை கெடும், காந்தங்கள் பெயரும், விசிறியின் இறக்கைகள் உடையும். திரும்ப மாட்டும்போது, பிளைவீலை ஷாஃப்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டான சாவி சரியாகக் காடியில் அமர்ந்திருப்பதை உறுதி செய்து, நட்டை 75 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். நட்டு தளர்வாக இருந்தால் சாவி நசுங்கி, தீப்பொறி எழும் நேரமான டைமிங் மாறிவிடும். இக்னிஷன் காயிலுக்கும் பிளைவீலுக்கும் இடையே 0.4 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஹெட் போல்ட்டுகள் நான்கையும் குறுக்கும் நெடுக்குமாக, படிப்படியாக 24 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். பிஸ்டனின் தலையில் உள்ள முக்கோணக் குறி, ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு இருக்கும் பக்கம் நோக்கி இருக்க வேண்டும். கனெக்டிங் ராடு அலுமினியம்; அதற்குள் தனி பேரிங் கிடையாது. ராடு போல்ட்டுகளுக்கு 12 நியூட்டன் மீட்டர் என்ற குறைந்த இறுக்கமே சொல்லப்பட்டிருக்கிறது. கைப்பலத்தை நம்பி இறுக்குபவர்கள் இங்கேதான் கெடுக்கிறார்கள்.

வேகம் போதவில்லை என்று, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுவதைக் கட்டுமானத் தளங்களில் அடிக்கடி பார்க்கிறேன். 3600 சுற்றுக்கென்று வடிவமைத்த ராடும் பிளைவீலும் அதற்கு மேல் சுற்றும்போது வரும் விசை, வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். ராடு உடைந்து கிராங்க் கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் பக்கத்தில் நிற்பவரின் காலுக்கும் பாதுகாப்பில்லை. வேலைக்கு வேகம் போதாதென்றால் வாங்கிய மாடல் சிறியது என்றே பொருள்.

சந்தையில் 168எஃப் என்ற பெயரில் வரும் சீன இன்ஜின்கள் பல உள்ளன. 1 சிலிண்டர், 68 மி.மீ. விட்டம் என்பதே அந்தப் பெயரின் பொருள். விலை பெரிதும் குறைவு. ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் தோட்டத்திற்கு நீர் இறைக்கும் ஒருவருக்கு அது போதும். தினமும் ஓட்டுபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே எண்ணுடன் வரும் இன்ஜின்களுக்குள்ளேயே வார்ப்பின் தரம் வேறுபடுகிறது. கேஸ்கட், ஏர் ஃபில்டர் போன்றவை இரண்டுக்கும் பொருந்துவதுபோல் தெரிந்தாலும், ராடு, பிஸ்டன், கேம் ஷாஃப்ட் ஆகியவற்றை அளந்து பார்க்காமல் மாற்றி மாட்டக் கூடாது.

நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதி விவசாயிகள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் சுமார் 3.5 சதவீதம் சக்தி குறையும். சுமார் 2200 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் நான்கில் ஒரு பங்கு சக்தி இருக்காது. காற்றின் அடர்த்தி குறைவதால் கலவையில் பெட்ரோல் மிகுந்து பிளக் கரிபிடிக்கும். அங்கே உயரத்திற்கேற்ற மெயின் ஜெட்டை டீலரிடம் கேட்டு மாட்டிக்கொள்வதோடு, ஓர் அளவு பெரிய இன்ஜினைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம்.

வாங்கும்போது ஷாஃப்டின் வகை, ஆயில் அலர்ட் உண்டா இல்லையா, ஏர் கிளீனர் எந்த வகை ஆகிய மூன்றையும் பில்லில் மாடல் குறியீட்டோடு எழுதி வாங்குங்கள். கையேட்டைக் கேட்டுப் பெறுங்கள். பெட்டியைத் திறந்ததும் கயிற்றை இழுத்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள்: புதிய இன்ஜின் ஆயில் இல்லாமல்தான் வருகிறது. முதலில் சமதளத்தில் வைத்து, ஆயில் ஊற்றும் துளையின் விளிம்பு வரை 0.58 லிட்டர் ஊற்றுங்கள். பெட்ரோல் அதன் பிறகு.